கோட்டுக்கு நன்றி

பிரெஞ்சில் நன்றி சொல்வதில் நான் கெட்டிக்காரி. வேறு எதையும் அந்த மொழியில் உருப்படியாகச் சொல்ல எனக்கு வராது. கன்னியாஸ்திரிகளிடம் படித்த பிரெஞ்சு அப்படி. ஜெபம் சொல்லலாம், டிக்டேஷன் எழுதலாம், செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்கலாம், நன்றியை ஐந்து விதமாகச் சொல்லலாம். கடைக்குப் போய் ஒரு கிலோ கத்தரிக்காய் கேட்க முடியாது. இந்தத் தகுதியைப் பார்த்துத்தான் எழுபதுகளின் நடுவில், எங்கள் பங்குக் கோயிலின் ஏழைகள் உதவிச் சபையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்போது எனக்கு முப்பது வயது. வீடு நெல்லித்தோப்பில். வேலை லாஸ்பேட்டையில் ஒரு ஆரம்பப் பள்ளியில். கல்யாணம் ஆகாதவள், ஆகையால் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருப்பாள் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையில் மேசை போட்டு உட்காருவேன். ஏழைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். அவர்கள் ஒவ்வொருவர் சார்பிலும் பிரான்சுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

நன்றி எதற்கென்றால், கோட்டுக்கு.

பிரான்சில் ஏதோ ஒரு ஊரின் பங்கு மக்கள் பனிக்காலம் முடிந்ததும் பீரோவைக் காலி செய்து, பழைய துணிகளை மூட்டை கட்டி எங்களுக்கு அனுப்பினார்கள். கப்பலில் வந்து, துறைமுகத்தில் கிடந்து, எங்கள் ஊரை அடையும்போது அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்திருக்கும். பெட்டியைத் திறந்தால் கம்பளிக் கோட்டு, காதை மூடும் தொப்பி, கையுறை, முழங்கால் வரை ஏறும் காலுறை. ஒரு வருடம் பனியில் சறுக்குவதற்கான நீளக் கட்டைகள் இரண்டு வந்தன. அவற்றை எந்த ஏழைக்குக் கொடுப்பது என்று சபை கூடி அரை மணி நேரம் பேசியது. கடைசியில் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை எடுத்துப் போய்த் துணி உலர்த்தும் கொடிக்கு முட்டுக் கொடுத்தார். அந்த வருடம் வந்ததிலேயே சரியாகப் பயன்பட்ட தர்மம் அதுதான்.

கோட்டு வாங்கியவர்கள் அதைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். பகல் பதினோரு மணிக்கு, கோயில் வளாகத்தில், கழுத்து வரை பொத்தான் போட்டு, வியர்வை வழிய, சிரித்தபடி நிற்பார்கள். போட்டோவும் கடிதமும் கோட்டைக் கொடுத்தவருக்குப் போகும். அப்புறம் கோட்டு நேராக மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இருந்த ஐஸ் பேக்டரிக்குப் போகும். அங்கே வேலை செய்தவர்கள் மட்டும்தான் பாண்டிச்சேரியில் குளிரால் கஷ்டப்பட்ட மக்கள். கோட்டைக் கொடுத்துவிட்டு அரிசி வாங்கிக்கொள்வார்கள். எல்லோருக்கும் லாபமான இந்த ஏற்பாட்டைச் சபைத் தலைவி கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து வீடு வீடாகப் போய்க் கோட்டு இருக்கிறதா என்று சோதனை போட ஆரம்பித்தோம்.

தலைவியை எல்லோரும் மதாம் என்போம். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மாதா மாதம் பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது. மதாம் கெட்டவர் இல்லை. பாடுபட்டார், அலைந்தார், சொந்தக் கையால் கஞ்சி ஊற்றினார். ஆனால் கேட்பவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. "கேக்குறவங்களுக்குக் குடுத்தா பழகிப்பூடும். கேக்க வெக்கப்படுறாங்க பாரு, அவங்கதான் நெசமான ஏழை" என்பார். ஏழைகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். சபை அறை வாசலில் வந்து நின்று, "ஒண்ணும் வேணாம் மதாம், சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு முதலில் கிடைத்தது. அந்த அறைக் கதவில், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் தட்ட வேண்டாம் என்று நான்தான் அட்டையில் எழுதி மாட்டியிருந்தேன். கேளுங்கள், தட்டுங்கள் என்று ஆண்டவர் சொன்னதைச் சாமியார் வருடம் தவறாமல் பிரசங்கம் வைப்பார். நாங்கள் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவோம்.

இந்த வெட்கம் என்கிற வித்தையைக் கடைசிவரை கற்றுக்கொள்ளாத ஒரு பெண் எங்கள் பட்டியலில் இருந்தார். கணவர் மில்லில் நெசவுப் பிரிவில் ஷிப்ட் வேலை. இவர் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். ஒரே மகள், ஏழு வயது. இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் இடுப்புக்குக் கீழே விளங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஆனாலும் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். தர்மம் வாங்குகிறவர்களுக்கு வயது ஏறுவதில்லை. இப்போது எழுதும்போதாவது 'அவர்' என்று எழுதுகிறேன்.

அந்தக் குழந்தைக்கு ஒரு நீலக் கோட்டு கிடைத்தது. போட்டோவுக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கோட்டு கணுக்கால் வரை மூடியது. பார்த்தால் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சொகுசாக உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. அடுத்த ஞாயிறு கடிதம் எழுத அம்மா வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"என்னா எழுதணும்?" என்றேன்.

"கோட்டு வந்துச்சு, சந்தோசம்னு எழுதுங்க டீச்சர். அப்புறம், பாப்பாவ நான்தான் இடுப்புல தூக்கினு பள்ளிக்கூடம் போறேன். இப்ப முடியுது. இன்னும் ரெண்டு மூணு வருசம் போனா முடியாது. ரயிலடிக்கிட்ட ஒருத்தர் லாட்டரி சீட்டு விக்கிறாரு, கையால சுத்துற மூணு சக்கர வண்டில. அந்த மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்கன்னா அது படிச்சுக்கும்னு எழுதுங்க."

இவ்வளவுதான். அழவில்லை, குழையவில்லை. கடையில் சாமான் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னார். அப்பா சைக்கிளில் கூட்டிப் போகக் கூடாதா என்று கேட்டேன். ஒரு முறை காரியரிலிருந்து விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது என்றார்.

சபையில் ஒரு சட்டம் இருந்தது. நன்றிக் கடிதத்தில் எதையும் கேட்கக் கூடாது. "நன்றி சொல்ற வாயால இன்னொண்ணு கேட்டா பிரான்சுல நம்மளப் பத்தி என்னா நெனப்பாங்க?" என்பார் மதாம். நான் அதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியமான காரணம், சட்டத்தை மீறினால் மதாம் பேனாவைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம். அந்தப் பேனாவால்தான் எனக்குக் கோயிலில் கொஞ்சம் மரியாதை இருந்தது. ஆகையால் தலையை ஆட்டிவிட்டு, "உங்கள் கோட்டு என் மகளுக்குத் தினமும் உதவுகிறது, உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று அழகான பிரெஞ்சில் எழுதினேன். சத்தமாகப் படித்தும் காட்டினேன். அவர் கைகட்டிக் கேட்டார்.

"வண்டி எங்க வருது டீச்சர்?"

"இதோ, இந்த வரில" என்று, உங்கள் உடல் நலத்துக்கு மாதாவை வேண்டுகிறோம் என்றிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அந்த வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

கோட்டு தினமும் உதவுகிறது என்பது பொய்யில்லை. சோதனைக்குப் போனபோது நானே பார்த்தேன். குழந்தை அந்தக் கோட்டை மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி, சிமென்ட் தரையில் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. தோல் உரியாமல் இருக்க அது உதவியது. கூட வந்த மதாம், "பிரான்சுலேர்ந்து வந்த துணிய இப்படியா பாழாக்குவாங்க" என்று வருத்தப்பட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கோட்டைக் கொடுத்தவர், தபால் ஆபீசில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு விதவை. என் கடிதம் அவரை உருக்கிவிட்டது. அடுத்த வருடம் குழந்தை வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு அளவு பெரிய கோட்டை அனுப்பினார். உங்கள் ஊரில் இந்த வருடம் குளிர் கடுமையா என்று விசாரித்திருந்தார். அதற்கடுத்த வருடம் சிவப்புக் கோட்டோடு, தன் கையால் பின்னிய கையுறையும் வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா வந்து நின்றார்.

"வண்டியப் பத்தி என்னா எழுதியிருக்காங்க?"

"இந்த வருசம் முடியலையாம். பாக்கலாம்னு எழுதியிருக்காங்க."

முதல் முறை இதை மேசையைப் பார்த்தபடி சொன்னேன். இரண்டாம் முறை சரளமாக வந்தது. ஏழையின் சார்பில் நன்றி சொல்வதற்கென்று நியமிக்கப்பட்ட நான், பிரான்சு அம்மாளின் சார்பில் இல்லை என்று சொல்லும் வேலையையும் சம்பளமில்லாமல் பார்த்தேன். இரண்டு பக்கத்தாருக்கும் இது தெரியாது. மாதம் ஒருமுறை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். கோபப்பட்டேன், ஜெபத்தில் பராக்காக இருந்தேன், கறி ஆகாத வெள்ளிக்கிழமையில் தெரியாமல் கருவாட்டுக் குழம்போடு ஒரு துண்டு ஆட்டுக்கறி சாப்பிட்டேன் என்றெல்லாம் சொல்வேன். இதைச் சொன்னதில்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாவப் பட்டியலில், நன்றிக் கடிதத்தில் ஒரு வரியை விடுவது என்று எதுவும் இல்லை.

அந்தக் குழந்தை நான்காம் வகுப்பு முடித்தது. பத்து வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்து நடந்தால் அதன் பாதம் அம்மாவின் முழங்காலில் இடிக்கும். அந்த ஜூன் மாதம் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எட்டு நாள் படுக்கை. எழுந்த பிறகு குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் நின்றுபோனது. எனக்கு யாரோ சொன்னார்கள். 'ஐயோ பாவம்' என்றேன். நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அதை மறந்தும் போனேன்.

அதற்கு அடுத்த வருடம், ஜனவரியில், சுற்றுலாக் கூட்டத்தோடு அந்தப் பிரான்சு அம்மாள் பாண்டிச்சேரிக்கு வந்து இறங்கினார். எழுபது வயதிருக்கும். கையில் கனமான கம்பளிச் சட்டை, நெற்றியெல்லாம் வியர்வை. இது ஜனவரி என்பதை அவரால் நம்ப முடியவில்லை. தன் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார். மதாம் அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினார். மொழிபெயர்க்க நான் போனேன். மதாமுக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சு தெரியும். ஆனால் ஏழைகள் பேசுவதைத் தானே மொழிபெயர்ப்பது தன் அந்தஸ்துக்குக் குறைவு என்று நினைத்தார்.

ஒற்றை அறை வீடு. இருந்த ஒரே ஸ்டூலைப் பிரான்சு அம்மாளுக்குப் போட்டார்கள். பெண் தரையில் கோட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். நீலக் கோட்டு அடியில், சிவப்பு மேலே. வந்தவருக்கு வணக்கம் சொல்லக் கைகளை ஊன்றிக் கோட்டோடு முன்னால் நகர்ந்தாள். அந்த அம்மாள் முதலில் கோட்டைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார்.

"இவளுக்குக் காலில் என்ன?" என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். அம்மா ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். "என்னா டீச்சர், மொத கடுதாசியிலேயே எழுதினோமே. மறந்துட்டாங்களா? சரி, வண்டி அவங்களால முடியுமா முடியாதான்னு கேட்டுச் சொல்லுங்க. முடியலன்னா தப்பில்ல. வருசா வருசம் கேக்க எனக்கும் சங்கடமா இருக்குது."

மதாம் உடனே பிரெஞ்சில், உங்களுக்குக் களைப்பாக இருக்கும், கிளம்பலாமா என்றார். அந்த அம்மாள் நகரவில்லை. இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று என்னையே பார்த்தார். நன்றி சொல்வதற்கான ஐந்து வழிகளும் வரிசையாக ஞாபகம் வந்தன. ஒன்றும் உதவாது. பள்ளிக்கூடம் போக ஒரு மூன்று சக்கர வண்டி கேட்கிறார், நான்கு வருடமாகக் கேட்கிறார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே" என்றார் அவர்.

அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அம்மாவைப் பார்த்து, "அவங்களுக்குத் தெரியாதாம். நான் எழுதல" என்றேன்.

"எழுதலையா? இந்த வரிலன்னு காமிச்சீங்களே."

தரையிலிருந்து அந்தப் பெண் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்ப, அவங்க மாட்டேன்னு சொல்லவே இல்லையா?"

மூன்று வருடமாக அந்தக் குழந்தை, கடலுக்கு அப்பால் ஒரு கிழவி தனக்குக் கோட்டு தருகிறாள், வண்டி மட்டும் தர மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிழவியின் உடல் நலத்துக்காக அம்மாவும் மகளும் தினமும் உண்மையாகவே ஜெபித்தும் வந்திருக்கிறார்கள். நான் எழுதியதில் அது ஒன்றுதான் நடந்தது.

வண்டி மூன்று வாரத்தில் வந்துவிட்டது. பணம்தான் பிரான்சு அம்மாளுடையது, வண்டி பிரான்சிலிருந்து இல்லை. அரியாங்குப்பம் போகிற வழியில் ஒரு சைக்கிள் பட்டறையில் செய்தார்கள். லாட்டரி சீட்டு விற்கிறவரின் வண்டியைச் செய்ததும் அதே பட்டறைதான். சபையில் நாங்கள் பன்னிரண்டு பேர். மாதச் சம்பளம் வாங்குகிற நானும் அதில் ஒருத்தி. ரயிலடிக்குப் போய், இந்த வண்டியை எங்கே செய்தீர்கள் என்று அந்த மனிதரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழைக்கு வேண்டியது கப்பலில்தான் வர வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

மதாம் என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். "உன்னால சபை மானம் போச்சு" என்றார். எந்த மானம் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில், வழியோரம் உட்கார்ந்து கூப்பிட்ட குருடனைப் பற்றிய வாசகம். வாயை மூடு என்று கூட்டம் அவனை அதட்டுகிறது. ஆண்டவர் நின்று, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனையே கேட்கிறார். பார்த்தாலே தெரிகிறதே, குருடனுக்குக் கண்தானே வேண்டும். ஆனாலும் கேட்டார். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட வாசகம். அதுவரை என்னை நான் ஆண்டவர் பக்கத்தில் நிற்கிறவளாகவே நினைத்திருந்தேன். அன்றுதான் அதட்டிய கூட்டத்தில் என் குரலைக் கேட்டேன். ஆண்டவரும் பிறரிடம் கேட்டு வாங்கியவர்தானே என்றும் தோன்றியது. கிணற்றடியில் தண்ணீர் கேட்டார், ஊருக்குள் போகக் கழுதை கேட்டார், கடைசி விருந்துக்கு இடம் கேட்டார். எங்கள் சபைக்கு வந்திருந்தால் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டோம்.

பெண் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு வருடம் போனது போனதுதான். கூடப் படித்த பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள்.

பிரான்சு அம்மாள் கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இனிமேல் தமிழிலேயே எழுதுங்கள், எங்கள் ஊரில் ஒரு பாண்டிச்சேரிக் குடும்பம் இருக்கிறது, அவர்கள் எனக்குப் படித்துச் சொல்வார்கள் என்றார். அதை அம்மாவுக்கும் மகளுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னதும் நான்தான்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, என் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. பெண் கையால் சுற்றி ஓட்டி வந்திருந்தாள், அம்மா பக்கத்தில் நடந்து வந்திருந்தார். அவள் மடியில் வான்கடிதத்துக்கான உறை, பசை போட்டு ஒட்டியிருந்தது. கூடவே பிரான்சிலிருந்து வந்த கடிதத்தின் உறையும் இருந்தது. அதன் பின்பக்கத்து விலாசம் கூட்டெழுத்தில் இருந்ததால் அவளுக்குப் புரியவில்லையாம்.

"நீங்களே எழுதிட்டீங்களா?" என்றேன். அன்றைக்கு முதல் முறையாக எனக்கு 'நீங்க' வந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றாள் பெண். "நன்றி எழுதியிருக்கேன். அப்புறம் ஒண்ணு கேட்டிருக்கேன்."

"என்னம்மா கேட்டிருக்க?"

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"விலாசம் மட்டும் எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து, பெரிய எழுத்தில், பிரித்துப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். பெண் இரண்டு உறைகளையும் மடியில் பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கும் வரை நான் வாசலில் நின்றேன்.